சேருமிடம் நின்றுபோனால் லாக் எங்கே தங்கும்? சேகரிப்புக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு மென்பொருள் அமைப்பு சீராக ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் லாக்கை, அதாவது அது இயங்கும்போது வரி வரியாக எழுதிவைக்கும் பதிவை, பெரும்பாலும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஏதோ ஒன்று உடைந்த பிறகுதான் தேடுகிறோம். அப்போது நமக்குத் தேவைப்படுபவை, உடைவதற்குச் சற்று முன்பும் உடைந்துகொண்டிருந்தபோதும் எழுதப்பட்ட சில நூறு வரிகள். அந்த நிமிடங்களில்தான் நெட்வொர்க் திணறியிருக்கும், டிஸ்க் நிரம்பியிருக்கும், ஏதேனும் ஒரு சர்வர் பாதியில் நின்றிருக்கும், பிழைச் செய்திகள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு பெருகியிருக்கும். ஆகவே அந்த வரிகளைத் திரட்டி ஓரிடத்துக்கு அனுப்பும் லாக் சேகரிப்புக் கருவி (சேகரிப்பான்) ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது சாதாரண நாளில் வினாடிக்கு எத்தனை வரிகளை நகர்த்துகிறது என்பது இரண்டாம் நிலைக் கேள்விதான். லாக் போய்ச் சேர வேண்டிய இடம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், இந்தக் கருவி தன் கையில் உள்ள வரிகளை எங்கே வைத்திருக்கும், எவ்வளவு நேரம் வைத்திருக்கும், அதன் பிறகு என்ன செய்யும் என்பதே முதற்கேள்வி. கருவிகளுக்கு இடையிலான மற்ற வேறுபாடுகளில் பலவற்றைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். தொலைந்த வரியை எவராலும் மீட்டுத் தர முடியாது.

எல்லாம் ஒரே சர்வரில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கோப்பு அங்கேயே கிடக்கும். உள்ளே நுழைந்து தேடினால் போதும். ஒரு கோரிக்கை பத்துப் பதினைந்து சேவைகளைக் கடந்து செல்லும் அமைப்பில் அதன் தடயம் அத்தனை இடங்களிலும் சிதறிக் கிடக்கிறது. கன்டெய்னர்களில், அதாவது தேவைக்கேற்ப உருவாக்கி அழிக்கப்படும் தனித்தனிப் பெட்டி போன்ற சூழல்களில், இயங்கும் அமைப்பில், சேவை மறைந்த சற்று நேரத்தில் அதன் லாக் கோப்பும் மறைந்துவிடுகிறது. நிரல் தன் லாக் கோப்புகளைத் தானே நிர்வகிக்கக் கூடாது, வழக்கமான வெளியீட்டில் வரி வரியாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அதைச் சேர்த்து அனுப்புவது இயங்குதளச் சூழலின் வேலை என்ற கொள்கையை ஹெரோகு நிறுவனத்தார் 2011இல் தங்கள் பன்னிரண்டு விதிகளில் ஒன்றாக முன்வைத்தார்கள். இன்று அதுவே பரவலான நடைமுறை. அந்தக் கொள்கை நிரலாளரின் தோளிலிருந்து இறக்கி வைத்த சுமை முழுவதும் சேகரிப்பானின் தோளில் ஏறியிருக்கிறது.

ஒரு வரியின் பயணம்

பணம் செலுத்தும் சேவை ஒன்று, ஒரு பரிவர்த்தனை தோல்வியடைந்ததாக ஒற்றை வரியை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி முதலில் நிரலுக்குள் இருக்கும் லாக் நூலகத்தின் பஃபரில், அதாவது தற்காலிகக் காத்திருப்பு இடத்தில், நிற்கிறது. பிறகு வழக்கமான வெளியீட்டின் வழியாகக் கன்டெய்னர் இயக்கியின் கைக்குப் போகிறது. கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் சூழலில் அந்த இயக்கி நேர முத்திரையையும், வெளியீட்டின் பெயரையும், வரி முழுமையானதா துண்டானதா என்பதைச் சொல்லும் ஓரெழுத்துக் குறியையும் முன்னால் சேர்த்து, அந்த சர்வரின் டிஸ்க்கில் உள்ள கோப்பில் எழுதுகிறது. அங்கும் அது உடனே டிஸ்க்கை அடைவதில்லை. இயங்குதளத்தின் நினைவகத்தில் சற்று நேரம் இருக்கிறது. சேகரிப்பான் அந்தக் கோப்பைத் தொடர்ந்து வாசிக்கிறது, கடைசியாக எந்த பைட் வரை வாசித்தோம் என்பதைக் குறித்துக்கொள்கிறது, வரியைப் பிரித்துப் பொருள் காண்கிறது, வேறு வரிகளோடு சேர்த்துக் கட்டாக்கி நெட்வொர்க்கில் அனுப்புகிறது. சேருமிடம் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பிய பிறகே பயணம் முடிகிறது.

இந்த வழியில் வரி தொலையக்கூடிய இடங்கள் பல இருந்தாலும், கருவிகளைப் பிரித்துக் காட்டுவது வாசித்த இடத்தின் குறிப்பு எப்போது பதியப்படுகிறது என்பதுதான். பெற்றுக்கொண்டதாகப் பதில் வருவதற்கு முன்பே குறிப்பைப் பதிந்துவிட்டால், இடையில் கருவி இறக்கும்போது அந்த வரிகள் போய்விடும். பதில் வந்த பிறகு பதிந்தால், இடையில் இறந்து எழுந்த கருவி அதே வரிகளை மறுபடியும் அனுப்பும். இழப்பா, இரட்டிப்பா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். ஒவ்வொரு வரியும் குறைந்தது ஒருமுறையாவது போய்ச் சேரும் என்ற உறுதியைத் தரும் ஃபைல்பீட் போன்ற கருவிகள் இரட்டிப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கின்றன. என் கணிப்பில் அதுவே சரியான பக்கம். வரியின் உள்ளடக்கத்திலிருந்தும் கோப்பில் அது இருந்த இடத்திலிருந்தும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, சேருமிடத்தில் அதையே ஆவணத்தின் எண்ணாக வைத்துவிட்டால் இரட்டிப்பு தானாக மறைந்துவிடும்.

குறிப்பே பதியப்படாத நிலை இதைவிட மோசமானது. ஃபுளூயன்ட் பிட் கருவியில் கோப்பு வாசிக்கும் உள்ளீட்டுக்கு ஒரு சிறு தரவுத்தளக் கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். வாசித்த இடம் அதில்தான் பதியப்படுகிறது. அந்த ஒரு வரியை அமைப்புக் கோப்பில் எழுத மறந்தால் கருவி எந்தக் குறையும் சொல்லாமல் வேலை செய்யும். ஆனால் மறுதொடக்கத்தின்போது ஏற்கனவே இருக்கும் கோப்புகளைக் கடைசியிலிருந்து வாசிக்கத் தொடங்கும். கருவி நின்றிருந்த இடைவெளியில் எழுதப்பட்டவை ஓசையின்றி விடுபட்டுப்போகும். ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டரின் கோப்பு வாசிப்பியும் அப்படித்தான்: தொடங்கும் இடம் இயல்பாகவே கோப்பின் முடிவு, குறிப்பைச் சேமிக்கத் தனியே ஒரு சேமிப்பு நீட்சியை இணைத்தால்தான் உண்டு.

கோப்பு சுழற்சி இன்னொரு படுகுழி. பழைய லினக்ஸ் சர்வர்களில் லாக்ரொட்டேட் நிரலின் ஒரு முறை, கோப்பை வேறொரு பெயரில் நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கிவிடும். நகல் முடிவதற்கும் காலியாக்குவதற்கும் இடையிலான நொடித்துளியில் எழுதப்படும் வரிகள் தொலையக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. குபர்னெட்டிஸில் இது வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே ஒரு கன்டெய்னரின் லாக் கோப்பு இயல்பாக 10 எம்பி அளவை எட்டியதும் சுழற்றப்படும். மொத்தம் 5 கோப்புகள் மட்டுமே வைத்திருக்கப்படும். ஆக, ஒரு கன்டெய்னருக்குக் கிடைப்பது சுமார் 50 எம்பி. வினாடிக்கு 10 கேபி எழுதும் சேவைக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதே சேவை பிழைச் சுழலில் சிக்கி வினாடிக்கு 1 எம்பி கொட்டத் தொடங்கினால் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். கோப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, சேகரிப்பான் மெதுவாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை, அது மிகவும் தேவைப்படும் வேளையில்தான் பொய்த்துப்போகிறது.

இயல்புநிலை மதிப்புகளைப் படியுங்கள்

ஒரு கருவியின் உண்மையான குணத்தை அறிய அதன் அறிமுகப் பக்கத்தைவிட, நாம் எதையும் மாற்றாதபோது அது எடுத்துக்கொள்ளும் இயல்புநிலை மதிப்புகளைப் படிப்பது பயனுள்ளது. சேருமிடம் பதில் தராதபோது ஃபுளூயன்ட்டி கருவி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 72 மணி நேரம்வரை மறுபடி மறுபடி முயலும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபுளூயன்ட் பிட்டில், மறுமுயற்சி வரம்பை நாமே உயர்த்தாவிட்டால் ஒரே ஒரு முறைதான் மீண்டும் முயலும். அதுவும் தோற்றால் அந்தக் கட்டு கைவிடப்படும். ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டரின் அனுப்பிகள் பொதுவாக 5 நிமிடம் முயன்றுவிட்டு விட்டுவிடும். அனுப்பக் காத்திருப்பவை நிற்கும் அதன் வரிசையும் நாம் மாற்றாதவரை நினைவகத்தில்தான் இருக்கும். வெக்டர் கருவியின் பஃபரும் இயல்பில் நினைவகத்தில் 500 நிகழ்வுகளைத்தான் வைத்திருக்கும். நிரம்பினால் எதையும் எறியாமல், மேலிருந்து வருவதைத் தடுத்து நிறுத்தும். லாக்ஸ்டாஷ் கருவியின் வரிசை இயல்பில் நினைவகத்தில் இருப்பது. டிஸ்க்குக்கு மாற்றினால் 1 ஜிபி வரை இடம் எடுத்துக்கொள்ளும்.

இவற்றில் எதுவும் குறையென்று சொல்லத் தகுந்ததல்ல. சிறிய கருவியில் நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று எண்ணி வடிவமைத்தவர்கள் அதற்கேற்ற மதிப்பை வைத்திருக்கிறார்கள். சிக்கல், கருவியை நிறுவுபவர் இந்த மதிப்புகளைத் தன் முடிவாக எடுக்காமல், அறியாமலேயே ஏற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. சேருமிடத்தைப் புதுப்பிக்கும் பணி அரை மணி நேரம் நீண்டால், ஒரே வரிகளை வாசித்த இரண்டு கருவிகளில் ஒன்று எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்திருக்கும். மற்றொன்றின் வரைபடத்தில் இருபத்தைந்து நிமிட வெற்றிடம் இருக்கும்.

எவ்வளவு பஃபர் வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டுவிடலாம். 200 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 500 வரிகள், வரிக்குச் சராசரியாக 300 பைட் என்று கொண்டால், மொத்தம் வினாடிக்கு 30 எம்பி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.6 டிபி. ஒரு சர்வரின் பங்கு வினாடிக்கு 150 கேபி. அந்த சர்வரில் சேகரிப்பானுக்கு 4 ஜிபி டிஸ்க் ஒதுக்கினால், சேருமிடம் முற்றிலும் நின்றாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நினைவகத்தில் 50 எம்பி மட்டும் ஒதுக்கினால் ஐந்தரை நிமிடம்தான். ஓர் இரவு முழுவதும் யாரும் கவனிக்காமல் போகக்கூடிய குழுவுக்கு எது தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. பிழை வேளையில் வரிகள் பத்து மடங்கு பெருகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏழு மணி நேரம் நாற்பது சொச்சம் நிமிடங்களாகச் சுருங்கும். அந்த எண்ணையே உண்மையான எண்ணாகக் கொள்ள வேண்டும்.

பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருநாள் நிரம்பும். அப்போது கருவி வரிகளை எறிய வேண்டும், அல்லது மேலிருந்து வருவதைத் தடுக்க வேண்டும். தடுப்பது பாதுகாப்பானது போலத் தோன்றினாலும் அதன் விளைவு தொலைவுவரை போகும். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரின் லாக் அனுப்பி இயல்பில் தடுக்கும் முறையில்தான் இயங்குகிறது. அதன் வழியாக நேரடியாக வெளியே அனுப்பும் அமைப்பில் எதிர்முனை திணறினால், நிரல் ஒரு வரி எழுத முயன்ற இடத்திலேயே உறைந்து நிற்கும். லாக் எழுத இடமில்லாததால் பணம் செலுத்தும் சேவையே நின்றுபோவது என்பது, கண்ணாடி உடைந்ததற்காக வண்டியையே நிறுத்துவது போன்றது. ஆனால் தணிக்கைக்கான பதிவு என்றால் நியாயம் வேறு: எழுத முடியாத செயலை நடக்கவே விடக் கூடாது என்பது அங்கே சரியான முடிவாக இருக்கலாம். அதனால் எல்லா லாக்கையும் ஒரே குழாயில் ஊற்றாமல், தணிக்கைப் பதிவுகள், பிழைகள், அன்றாடத் தகவல்கள், நிரலாளரின் ஆய்வுக் குறிப்புகள் ஆகியவற்றைத் தனித்தனி பஃபர்களும் தனித்தனி விதிகளும் உள்ள பாதைகளாகப் பிரிக்க வேண்டும். அட்டைப் பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை தணிக்கைப் பதிவுகளை 12 மாதங்கள் வைத்திருக்கவும், அவற்றில் அண்மைய 3 மாதங்களை உடனே எடுத்துப் பார்க்கும் நிலையில் வைக்கவும் சொல்கிறது. ஆய்வுக் குறிப்புகளுக்கு ஒரு வாரமே மிகுதி. இப்படிப் பாதை பிரிக்க வசதியில்லாத கருவியை, மற்றவற்றில் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவிகள் வந்த வழி

இன்றைய கருவிகளின் இயல்பு அவை பிறந்த சூழலிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மூத்தது சிஸ்லாக். 1980களில் எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருள் திட்டத்தின் பகுதியாக அதை எழுதினார். பல ஆண்டுகள் எழுதப்படாத வழக்கமாகவே இருந்து, 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற ஆவணத்தில் விவரிக்கப்பட்டு, 2009இல் ஆர்எஃப்சி 5424 மூலம் முறையான தரநிலை ஆனது. யுடிபி வழியாக 514ஆம் எண் வாயிலில் வரிகளை வீசிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காத நெறிமுறை அது. இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் டிசிபிக்கு மாறினால் சிக்கல் தீரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் டிசிபியில் அனுப்பியாயிற்று என்று இயங்குதளம் சொல்வதன் பொருள், வரி தன் பஃபருக்குள் வந்துவிட்டது என்பது மட்டுமே. இணைப்பு அறுந்தால் அந்த பஃபரில் இருந்தவை போய்விடும், அனுப்பியவருக்குத் தெரியவும் தெரியாது. ஆர்சிஸ்லாக் கருவியை 2004இல் தொடங்கிய ரெய்னர் கெர்ஹார்ட்ஸ், இந்த ஓட்டையை அடைக்கவே ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை கேட்கும் ரெல்ப் என்ற நெறிமுறையை உருவாக்கினார். நெட்வொர்க் கருவிகளும் பழைய சர்வர்களும் நிறைந்த இடத்தில் ஆர்சிஸ்லாக்கும் சிஸ்லாக்-என்ஜியும் இன்றும் தகுந்த தேர்வுகளே. புதுமை குறைவு என்பதற்காக அவற்றை ஒதுக்குவது தவறு.

ஜோர்டன் சிஸ்ஸல் 2009இல் தொடங்கிய லாக்ஸ்டாஷ், வரிகளைப் பிரித்துப் பொருள் காண்பதில் வலுவானது. ஜாவா இயக்கியின் மேல் ஓடுவதால் அது ஒவ்வொரு சர்வரிலும் வைக்கத்தக்க எடையில் இல்லை. அதனால்தான் கோப்பை வாசித்து அனுப்புவதை மட்டும் செய்யும் ஃபைல்பீட் போன்ற சிறு கருவிகள் அதன் முன்னால் வந்து நின்றன. 2011இல் டிரெஷர் டேட்டா நிறுவனத்தில் சடாயுகி ஃபுருஹாஷி உருவாக்கிய ஃபுளூயன்ட்டி, எல்லா வரிகளையும் ஜேசான் வடிவக் கட்டமைப்பாக, அதாவது புலப்பெயரும் மதிப்பும் கொண்ட இணைகளாக, கொண்டு, நூற்றுக்கணக்கான நீட்சிகள் வழியாக எங்கிருந்தும் எங்கும் அனுப்பும் மையமாக வளர்ந்தது; 2019 ஏப்ரலில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையின் முதிர்ச்சி நிலையை எட்டியது. அதன் இளைய உறவான ஃபுளூயன்ட் பிட் சி மொழியில் எழுதப்பட்டது. அத்திட்டத்தின் ஆவணமே தரும் ஒப்பீட்டில் ஃபுளூயன்ட்டியின் குறைந்தபட்ச நினைவகத் தேவை 60 எம்பிக்கு மேல், ஃபுளூயன்ட் பிட்டுக்குச் சுமார் 1 எம்பி. பஃபர் நிரம்பும்போது இரண்டுமே இதைவிட மிகுதியாக எடுக்கும் என்றாலும், மேலே சொன்ன 200 சர்வர்களில் இந்த அடிப்படை வேறுபாடு மட்டுமே 12 ஜிபியை நெருங்குகிறது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட வெக்டர், டிம்பர் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்து 2021இல் டேட்டாடாக் கைக்குப் போனது. சேருமிடத்தின் ஒப்புகையை மூலம்வரை கொண்டுபோகும் வசதி அதில் உண்டு, ஆனால் அதை நாமே இயக்க வேண்டும்.

ஓப்பன்டெலிமெட்ரி வேறு வகையான பதில். ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரு திட்டங்கள் 2019இல் இணைந்து உருவான இது, லாக், அளவீடு, கோரிக்கைத் தடம் மூன்றையும் ஒரே தரவு வடிவத்திலும் ஒரே நெறிமுறையிலும் கொண்டுசெல்கிறது. புதிதாகத் தொடங்கும் அமைப்பு என்றால் இதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து, காரணம் வேகமல்ல. சேருமிடத்தை மாற்றும் நாளில் நிரல்களைத் தொட வேண்டியிருக்காது என்பதே காரணம். ஆனால் நிலைத்த வரிசை, வாசித்த இடத்தின் குறிப்பு, நீண்ட மறுமுயற்சி ஆகிய மூன்றையும் கையால் அமைக்காமல் அதை உற்பத்திச் சூழலில் விடக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில், வருவதை வாங்கிச் சேமித்து வாசிப்பவர்களுக்குத் தரும் இடைநிலை அமைப்பான காஃப்காவை வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறந்த மூலமான காஃப்கா, தன்னிடம் வருவதை இயல்பாக 7 நாட்கள் வைத்திருக்கும். சேருமிடம் ஒரு வார இறுதி முழுவதும் நின்றாலும் கவலையில்லை. பல சேருமிடங்கள் ஒரே ஓடையை வாசிக்கவும் முடியும். ஆயினும் அதை நடத்துவது தனி வேலை. இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, லாக்குக்காக மட்டும் காஃப்கா தொகுதி ஒன்றைத் தாங்கத் தேவையில்லை. சர்வரில் டிஸ்க் பஃபரும், இடையில் பல சர்வர்களின் வரிகளைத் திரட்டி அனுப்பும் இரண்டு முனைகளும் அவர்களுக்குப் போதும்.

சேருமிடம் கருவியை வளைக்கும்

சேகரிப்பானைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கே சேர்க்கிறோம் என்பது அதன் வேலையையே மாற்றுகிறது. வரிகளைச் சேமித்துத் தேடித் தரும் எலாஸ்டிக்சர்ச், வரியில் உள்ள ஒவ்வொரு புலத்தையும் அட்டவணைப்படுத்தும். ஒரு சேவை ‘நிலை’ என்ற புலத்தில் எண்ணையும், இன்னொரு சேவை அதே பெயரில் சொல்லையும் எழுதினால், முதலில் வந்த வகையே நிலைத்து, பின்னால் வருவது மறுக்கப்படலாம். மறுக்கப்பட்ட வரியை எத்தனை முறை அனுப்பினாலும் அது மறுக்கப்படவே செய்யும். இதைப் புரிந்துகொள்ளாத அமைப்பில் ஒரு கெட்ட கட்டு வரிசையின் முன்னால் நின்று, பின்னால் வரும் நல்ல வரிகளை எல்லாம் மறிக்கும். அல்லது அந்த வரிகள் சத்தமின்றிக் குப்பைக்குப் போகும். லாக்ஸ்டாஷில் இவற்றைத் தனியே ஒதுக்கி வைக்கும் வரிசை இருக்கிறது. வேறு கருவியை எடுப்பவர்கள் அதற்கு இணையான ஏற்பாடு என்ன என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சின் ஓர் அட்டவணையில் இயல்பாக 1000 புலங்கள் என்ற வரம்பும் உண்டு. பயனர் எண்ணையே புலத்தின் பெயராக்கும் ஒரு நிரல், ஒரே பிற்பகலில் அந்த வரம்பை எட்டிவிடும்.

2018 டிசம்பரில் கிராஃபானா நிறுவனம் அறிவித்த லோகி இதற்கு நேர்மாறானது. அது வரியின் உள்ளடக்கத்தை அட்டவணைப்படுத்துவதில்லை. சேவையின் பெயர், சூழல் போன்ற சில சிட்டைகளை மட்டும் அட்டவணைப்படுத்தி, வரிகளைச் சுருக்கிப் பொருள் சேமிப்பகத்தில் வைக்கிறது. செலவு பெரிதும் குறையும். ஆனால் பயனர் எண், கோரிக்கை எண் போன்று எண்ணற்ற மதிப்புகள் கொள்ளும் ஒன்றைச் சேகரிப்பான் சிட்டையாக்கி அனுப்பிவிட்டால், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தனி ஓடை உருவாகி லோகி திணறிப்போகும். அதாவது எலாஸ்டிக்சர்ச்சுக்குச் செல்லும் சேகரிப்பான் புலங்களை ஒழுங்குபடுத்த வேண்டும். லோகிக்குச் செல்லும் சேகரிப்பான் சிட்டைகளைக் கட்டுப்படுத்த வேண்டும். அமைப்புக் கோப்பு ஒன்றை மற்றொன்றுக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது.

வரியை எங்கே பிரித்துப் பொருள் காண்பது என்பதும் இங்கேதான் முடிவாக வேண்டும். சிறந்த இடம் நிரலே: தொடக்கத்திலேயே ஜேசானாக எழுதிவிட்டால் பின்னால் வரும் வேலையில் பாதி குறையும். ஜாவா பிழை ஒன்று அறுபது வரிகளில் விரியும்போது, அதைச் சாதாரண உரையாக எழுதும் நிரலில் சேகரிப்பான் அவற்றை ஒட்டவைக்க வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை எழுத்து வடிவத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் எழுதினால் இருவர் பேச்சு கலந்ததுபோல வரிகள் கலந்துவிடும். டாக்கர் 16 கேபிக்கு மேற்பட்ட வரியைத் துண்டுகளாக வெட்டுவதால், நீண்ட ஜேசான் வரிகள்கூட நடுவில் உடைந்து வரும். அவற்றைத் துண்டுக் குறியைப் பார்த்து மீண்டும் இணைக்கத் தெரியாத கருவியில், மிக நீளமான வரிகளே, அதாவது பெரும்பாலும் பிழை விவரங்களே, படிக்க முடியாதவையாகிவிடும்.

நேரம் பற்றி ஒன்று மட்டும். பல சர்வர்களின் கடிகாரங்கள் சில மில்லி வினாடிகளாவது வேறுபடும். நேர முத்திரையை மட்டும் நம்பி எது முன், எது பின் என்று தீர்மானிக்க முடியாது. கோரிக்கையோடு பயணிக்கும் தட எண், உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரநிலைப்படி 32 எழுத்துகள் கொண்டது, ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். நிகழ்ந்த நேரமும் வந்து சேர்ந்த நேரமும் இரு வேறு புலங்களாக இருக்க வேண்டும்.

கருவியும் ஒரு வாசல்தான்

சேகரிப்பான் எல்லா சர்வர்களிலும், பெரும்பாலும் உயர் அனுமதியுடன், எல்லாச் சேவைகளின் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல். 2024 மே மாதத்தில் டெனபிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபுளூயன்ட் பிட்டின் உள்ளமைந்த எச்டிடிபி சர்வரில் நினைவகச் சிதைவுக் குறை ஒன்றை வெளியிட்டார்கள். சிவிஇ-2024-4323 என்ற அந்தக் குறை 2.0.7 முதல் 3.0.3 வரையிலான பதிப்புகளைப் பாதித்தது, 3.0.4இல் சரிசெய்யப்பட்டது. இதனால் அந்தக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான சர்வர்களில் உள்ள சேகரிப்பானை ஒரே நாளில் புதுப்பிக்க நம்மால் முடியுமா என்பதும், பயன்படுத்தாத வாயில்களை மூடி வைத்திருக்கிறோமா என்பதும் தேர்வின் பகுதியாக வேண்டும்.

வரிகளுக்குள் இருப்பதும் ஆபத்தானதே. 2018 மே மாதத்தில் ட்விட்டர், கடவுச்சொற்களைக் குலைத்து மறைக்கும் செயல் முடிவதற்கு முன்பே அவை உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டதைக் கண்டுபிடித்து, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. மறைக்க வேண்டியதை சர்வரை விட்டு வெளியேறும் முன்பே, சேகரிப்பானிலேயே மறைக்க முடிய வேண்டும். ஒருமுறை மையத்துக்குப் போய்விட்ட இரகசியம் அங்கிருந்து காப்பு நகல்களுக்கும் நீண்டகாலச் சேமிப்புக்கும் பரவிவிடும். பின்தொடர்ந்து அழிப்பது மிகக் கடினம்.

உரிமமும் நிர்வாகமும் இந்தத் துறையில் ஏட்டளவிலான கவலைகள் அல்ல. எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் 2021 ஜனவரியில் அதன் உரிமத்தை மாற்றியதால் ஓப்பன்சர்ச் என்ற கிளை பிறந்தது. 2024இல் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் எலாஸ்டிக் சேர்த்துக்கொண்டது. லோகிக்கென்றே எழுதப்பட்ட ப்ராம்டெயில் சில ஆண்டுகளிலேயே அலாய் என்ற புதிய கருவிக்கு இடம் விட்டது. கருவி மாறும் என்று எதிர்பார்த்து, நிரல்கள் எழுதும் வரியின் வடிவத்தை மட்டும் நம் கையில் உறுதியாக வைத்துக்கொண்டால் மாற்றம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

தேர்வு முடிவாகும் முன்

ஒப்பீட்டு அட்டவணைகள் எவ்வளவு படித்தாலும், நம் சூழலில் செய்து பார்க்கும் ஒரு சோதனைக்கு ஈடாகாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடர் எண்ணை மட்டும் வரிக்கு ஒன்றாக எழுதும் ஒரு சிறு நிரல் போதும். அதை ஓடவிட்டு, சேருமிடத்தை அரை மணி நேரம் துண்டித்துப் பாருங்கள். சேகரிப்பானை முன்னறிவிப்பின்றிக் கொன்று மீண்டும் எழுப்புங்கள். அதன் பஃபர் இருக்கும் டிஸ்க்கை நிரப்புங்கள். நிரலின் வேகத்தைப் பத்து மடங்காக்கிக் கோப்பு சுழற்சியை விரட்டுங்கள். கன்டெய்னர் தொடங்கி மூன்றே வினாடிகளில் இறந்துபோகும்படி செய்து, அந்த மூன்று வினாடி வரிகள் வந்தனவா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே விழும் சேவையின் காரணம் அந்த வரிகளில் மட்டும்தான் இருக்கும். கடைசியில் சேருமிடத்தில் விடுபட்ட எண்கள் எத்தனை, இரட்டித்த எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு நாள் வேலை இது. இரண்டு மூன்று கருவிகளை இப்படி வைத்துப் பார்த்தால், எந்தக் கருவி எந்தச் சூழலில் எதை இழக்கிறது என்பது எண்களாகவே கையில் இருக்கும்.

நிறுவிய பிறகும் சேகரிப்பானைக் கவனிக்க வேறொரு வழி வேண்டும். அதன் சொந்த லாக்கை அதே குழாயில் அனுப்பினால், குழாய் அடைபட்ட செய்தியும் அடைபட்ட குழாயிலேயே நிற்கும். எறிந்த வரிகளின் எண்ணிக்கை, மறுமுயற்சிகள், பஃபரின் அளவு, வாசிக்கும் இடம் கோப்பின் முடிவிலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது ஆகியவற்றை அளவீடுகளாக வெளியிடச் செய்து, தனிக் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும். அதோடு ஒவ்வொரு சர்வரிலும் நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அடையாள வரி எழுதச் செய்து, மையத்தில் எந்த சர்வரின் அடையாள வரி தொடர்ந்து ஐந்து நிமிடம் வரவில்லையோ அந்த சர்வரின் பெயரோடு எச்சரிக்கை எழும்படி அமைக்க வேண்டும்.